போன இடத்துக்கே திரும்பப் போவது

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 29. ஓசூரில் வேலை, ஒற்றை அறையில் தங்கல், சம்பளத்துக்குக் குறையில்லை. லடாக், மணாலி, மேகாலயா என்று பைக்கில் சுற்றி வந்தாயிற்று. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மனசு வெறுமையாகிவிடுகிறது. அரூர் பக்கம் சொந்த ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை போகிறீர்கள், போனால் பேச ஒன்றும் இருப்பதில்லை. "அன்பு, இயற்கை, மனிதர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழுமையாக வாழ்வது என்றால் நிஜத்தில் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தத்துவம் படித்தவள் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். பென்னாகரம் பக்கம் பாதி, பாலக்கோடு பக்கம் பாதி. ஊர்க்காரர்கள் வாயில் என் பெயர் 'நர்சம்மா'. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்று கணக்கு. எங்கள் பக்கம் ஊர் என்றால் ஒரே இடத்தில் இருக்காது. வயலுக்குள் நாலு வீடு, ஆறு வீடாகக் கொட்டாய் கொட்டாயாகச் சிதறிக் கிடக்கும். அத்தனைக்கும் நடந்துதான் போக வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாட்களில் கர்ப்பிணி இருக்கும் வீடு, பிள்ளை பெற்ற வீடு, காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் வீடு. போன வீட்டுக்கே மறுபடி, மறுபடி. என் வேலை மொத்தமும் அதுதான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. நீங்கள் எழுதிய இடங்கள் எல்லாம் ஒரே ஒரு முறை போன இடங்கள். நூறு தடவை போன இடம் என்று ஒன்றுகூட அதில் இல்லை. அம்மா வீடும் அப்படி ஒரு சுற்றுலாபோல ஆகிவிட்டது என்று எனக்குப் படுகிறது. போகிறீர்கள், பார்க்கிறீர்கள், பஸ் ஏறுகிறீர்கள்.

1994-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கொட்டாயில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்தில் மூன்றாவது பெண் என்றால் என்ன நடக்கக்கூடும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் பச்சைக் குழந்தை இறந்ததற்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். வளர்க்க மனமில்லாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று, அரசாங்கம் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரிக்கு அது 2001-இல்தான் வந்தது. ஆக, அந்த வருடம் என் கையில் எந்தத் திட்டமும் கிடையாது. எடை பார்க்கிற தராசு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

எடை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தினமும் போனேன். தினமும் எடை பார்க்கத் தேவையே இல்லை. அந்த வீட்டு மாமியாருக்கும் அது தெரியும். முதல் மூன்று நாள் அவர் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தார். நாலாம் நாள் திண்ணையில் உட்காரச் சொன்னார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மழை பிடித்துக்கொண்டது, உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் கூழ் கொடுத்தார். அன்றைக்குத்தான் பேசினார். தனக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, அது 'தங்காமல்' போனதைச் சொன்னார். சொல்லிவிட்டு அழவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் கதவு சாத்தியிருக்கும்.

ஐம்பது நாளுக்கு மேல் அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நான் எந்தப் பெரிய காரியமும் செய்யவில்லை. போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். என்னைப் போன்றவர்கள் பலர் எங்கள் மாவட்டம் முழுக்க அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் எல்லோராலும் எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் போக மறந்த வீடுகளும் உண்டு.

இன்னொரு விஷயம். நீங்கள் அரூர்க்காரர், உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கூச்சம் என்று நினைப்பார்கள். காரணம் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை. இந்தப் பூமியின் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஊர்களில் பல போர்வெல்களில் அதைவிட அதிகம். ஈறுக்குள்ளே பல் உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குக் கறை பல்லோடு சேர்ந்தே வளரும். தேய்த்தால் போகாது. கல்யாணப் பேச்சு முறிந்த வீடுகள் எனக்குத் தெரியும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. அதற்குள் ஒரு முழுத் தலைமுறை வாயைப் பொத்திப் பழகிவிட்டது.

பாலக்கோடு பக்கம் ஒரு மருமகள், முதல் பிரசவத்தின்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டே என்னிடம் பேசுவாள். இரண்டாவது பிரசவம் வரைக்கும் அப்படித்தான். ஒருநாள் அவளுடைய பெரிய பிள்ளை என் பைக்குள் கைவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ஆட்டுக்குட்டியின் வயிற்றில் வைத்தான். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்தாள். கை மேலே போகவே இல்லை. மூன்று வருடம் போய் வந்ததற்கு எனக்குக் கிடைத்தது அது. முழுமை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, எனக்கு அந்த நொடி ஞாபகம் வருகிறது. முதல் தடவை போனவளுக்கு அந்தச் சிரிப்பு கிடைக்காது, எத்தனை நல்லவளாக இருந்தாலும்.

இயற்கைக்கும் இதேதான் என்று நினைக்கிறேன். ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கிளம்புகிறார்கள். தப்பில்லை, சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பரிசல் ஓட்டுகிறவரிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே கர்நாடகத்தில் மழை பிடித்திருக்கிறதா என்று சொல்வார். சித்திரையில் எந்தப் பாறை தலைகாட்டும், ஆடியில் எது முழுகும் என்று அவருக்குத் தெரியும். 'புகையும் கல்' என்று கன்னடத்தில் பெயர் வைத்தவர்களும் ஒருநாள் பார்த்துவிட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். ஓசூரிலேயே கெலவரப்பள்ளி அணை இருக்கிறதே. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தென்பெண்ணையில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்பும். பெங்களூரு பக்கத்துக் கழிவு ஆற்றில் கலந்து வருவதால் வருகிற நுரை. அழகான காட்சி இல்லை, படம் பிடித்துப் போடுவதற்கும் சந்தோஷமாக இருக்காது. அங்கே மாதம் இரண்டு தடவை போய்ப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்வேன். நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிற அந்த ஆறு, கெலவரப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி அணை தாண்டி, அனுமன்தீர்த்தத்தில் உங்கள் ஊருக்குப் போகிற பாதையைத் தொடுகிறது. ஊத்தங்கரையிலிருந்து அரூருக்கு நீங்கள் பஸ்ஸில் வரும்போது தாண்டுகிற ஆறு, ஓசூரில் நுரையோடு பார்த்த அதே ஆறுதான். நீங்கள் இருக்கும் ஊருக்கும் அம்மா இருக்கும் ஊருக்கும் நடுவில் ஒரே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்தப் பாலத்தைக் கடக்கும்போது கைபேசியைப் பார்க்கத் தோன்றாது.

ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகள் வரை வரும். ராகிக் கதிர் முற்றுகிற காலம். யானையைத் தேடிப் போகாதீர்கள், அது உங்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொந்தரவு. பரண் போட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிற விவசாயிக்கு அது உயிர்ப்பிரச்சினை. வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. வருடா வருடம் அதே தடத்தில், பாட்டி யானை காட்டிக் கொடுத்த வழியில், அந்தக் கூட்டம் வருகிறது. நடுவில் ரோடு வந்தாலும், வேலி வந்தாலும், கட்டிடம் வந்தாலும் அந்த வழியைத்தான் தேடுகிறது. உங்கள் அறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இது நடக்கிறது.

சரி, அன்பு பற்றிக் கேட்டீர்கள். எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். முதல் இரண்டு வருடம் அவரும் நானும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவர் பேச்சு பிடிக்காது, அவருக்கு என் வேலை பிடிக்காது. ராத்திரி கடைசி பஸ்ஸில் நான் வந்து இறங்குவேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருட்டு, பாம்பு நடமாட்டம் அதிகம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் டார்ச்சோடு நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் நடந்தார். மறுநாளும் நின்றார். மழை நாளில் ஒரு கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பதினோரு வருடம், நான் மாற்றலாகிப் போகும்வரை. சண்டை போட்ட நாளிலும் வந்தார். அன்றைக்கு மட்டும் டார்ச் வெளிச்சம் கொஞ்சம் வேகமாக முன்னால் போகும். எந்த நாளில் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. காலையில் இருவரும் புளியமரம் வரை நடந்துவிட்டு வருவோம். பேச்சு அதிகம் கிடையாது.

என் தவறு ஒன்றையும் சொன்னால்தான் இந்தப் பதில் நேர்மையாக இருக்கும். என்னோடு பயிற்சி முடித்த தோழி ஒருத்தி, இன்னொரு வட்டாரத்தில் செவிலியர். அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கேள்விப்பட்டதும் ஓடினேன், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. கட்டிப்பிடித்து அழுதோம். கிளம்பும்போது, "மறுபடி எப்ப வருவே?" என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். போகவில்லை. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதல் தடவையே எல்லாம் பேசி, எல்லாம் அழுது முடித்துவிட்டோமே என்று நினைத்தேன். வாரம் மாதமாயிற்று, இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். ஊரெல்லாம் நடந்தவள், அந்த ஒரு வீட்டுக்கு இரண்டாவது முறை நடக்கவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. முதல் தடவை போவதற்குக் காரணம் கிடைத்துவிடும். கல்யாணம், சாவு, நோய், பண்டிகை என்று ஏதாவது இருக்கும். இரண்டாவது தடவைக்குக் காரணம் கிடைக்காது. கொண்டுபோகப் பழமும் இருக்காது, சொல்ல வார்த்தையும் இருக்காது. வெறும் கையோடு போய் உட்கார வேண்டும். நமக்குப் பயமே அந்த வெறும் கைதான்.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதை ஆண்டவன் அதியமான் என்பது நமக்கெல்லாம் பள்ளியிலிருந்தே தெரியும். நெல்லிக்கனி கதையும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றில் 101-ஆவது பாட்டில் ஔவையார் அவனைப் பற்றிச் சொன்னது. ஒருநாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பலநாள் பலரோடு போனாலும் 'தலைநாள் போன்ற விருப்பினன்' என்கிறார். முதல் நாள் காட்டிய அதே பிரியத்தைக் கடைசி நாளிலும் காட்டுகிறவன். கனி கொடுத்தது ஒருநாள் செயல். இது எல்லா நாளும் செய்ய வேண்டியது, இன்னும் கஷ்டம். விருந்தாளியாகப் போனவர் திரும்பத் திரும்பப் போவதற்கு வெட்கப்படாமல் இருந்தாரே, அதுவும் எனக்குப் பிடிக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. 1993-இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை. உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலை மக்களின் பெயர் அது) பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். பிறகு அந்த எண்ணிக்கை பெரிய அளவில் இறங்கியது. லம்பாடிப் பெண்களின் தையல் வேலையும், ரசாயனம் போடாத விவசாயமும் பின்னால் சேர்ந்துகொண்டன. நான் அங்கே போயிருக்கிறேன். கட்டிடம், கருவி இதெல்லாம் பார்த்ததைவிட, இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதுதான் என் மனசில் நின்றது.

ஒன்றை மட்டும் செவிலியராகச் சொல்லியாக வேண்டும். திரும்பப் போ என்று நான் சொல்வது உங்களை அடிக்கிற, அவமானப்படுத்துகிற இடத்துக்கு இல்லை. அங்கிருந்து விலகி வந்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும். அப்புறம், நீங்கள் சொல்கிற ஞாயிற்றுக்கிழமை வெறுமை திங்கள், செவ்வாய் என்று எல்லா நாளும் பரவி, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால், அதை இந்தக் கிழவியின் பேச்சால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். உதவி கேட்டு நின்றவர்கள் யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

இனி அம்மாவிடம் பேச ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். மாதம் ஒருமுறை என்பதை இரண்டாக்குங்கள். போய் எதையும் பேச முயற்சி செய்யாதீர்கள். 'உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை போட்டாயா' என்று கேள்வியாகக் கேட்டால் அவரும் 'நல்லா இருக்கேன்' என்று முடித்துவிடுவார். என் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் முடிக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி, தையில் சந்தைக்குப் பச்சை மொச்சை வரும். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தையில் போனால் வழியெல்லாம் மாம்பூ வாசனை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி இருவருமாக உட்கார்ந்து மொச்சையை உரித்து, தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். பிதுக்குப் பருப்பு. இரண்டு கிலோவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்படுத்த முடியாத வேலை. நீங்கள் நாலு கொட்டை பிதுக்குவதற்குள் அம்மா பத்து பிதுக்கிவிடுவார். அரை மணி நேரம் கழித்து, நீங்கள் எதுவும் கேட்காமலேயே, உங்கள் தாத்தாவுக்கு இந்தக் குழம்பும் களியும் எவ்வளவு பிடிக்கும் என்று அவர் ஆரம்பிப்பார். அல்லது ஆரம்பிக்காமலும் போகலாம். அப்படியானால் பிதுக்கிக்கொண்டே இருங்கள். அடுத்த தடவைக்கும் மொச்சை கிடைக்கும், மாசி வரைக்கும் வரத்து உண்டு.